மூன்று கிலோமீட்டர் கீழே எவ்வளவு சூடு?

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு சுமார் 65 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் நியூபெரி என்ற எரிமலைச் சரிவில் மசாமா எனர்ஜி என்கிற நிறுவனத்தின் துளையும் ஏறக்குறைய அதே 3 கிலோமீட்டர்தான், ஆனால் அடியில் 331 டிகிரி இருக்கிறது என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆழம் ஒன்றுதான், சூடு மட்டும் 260 டிகிரிக்கு மேல் கூடுதல். பூமிக்கடியில் இருக்கிற சூட்டில் மின்சாரம் எடுப்பதைப் பற்றி இப்போது எங்கே பார்த்தாலும் "இது உலகத்தில் எந்த மூலையிலும் கிடைக்கும்" என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் ஊர் குப்பம். ஆந்திராவின் கடைசி மூலை. ரயில் ஏறினால் ஒரு பக்கம் ஜோலார்பேட்டை, இன்னொரு பக்கம் பங்காருப்பேட்டை, அங்கிருந்து வண்டி மாறினால் மாரிகுப்பம். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் கலந்து வரும். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை தங்கவயலில் வேலை பார்த்தவர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் பெரியப்பா அண்டர்கிரவுண்டு ஆள். கீழ் லெவல்களில் வேலை செய்ததைப் பற்றி அவர் சொல்வது எப்போதும் சூட்டில்தான் ஆரம்பிக்கும். "டிரில் அடிக்கத் தண்ணி விடுவோம் இல்ல, அந்தத் தண்ணி பாறையில பட்டுத் திரும்பி வரும்போது கால் சுடும்டா" என்பார். மேலே பெரிய இயந்திரங்களில் காற்றைக் குளிரவைத்துக் கீழே தள்ளுவார்கள், அது வேலையிடத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதிக் குளிர்ச்சி போய்விடும், குழாய் வாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்கள் சாப்பிட உட்காருவார்கள். பல பத்தாண்டுகள் கோலாரில் அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டி, பணம் செலவழித்து, அதைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு அதே சூட்டைத் தேடி உலகத்தில் பலர் துளை போடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூமிக்குள் சூடு இருப்பதற்கு இரண்டு காரணம். பூமி உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை, அது ஒன்று. பாறைக்குள் இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே சூட்டை உண்டாக்குகின்றன, அது இன்னொன்று. கண்டங்களில் சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் கீழே போகும்போதும் 25 முதல் 30 டிகிரி கூடும். எங்கள் பக்கத்துப் பாறை 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது, எப்போதோ ஆறிப்போனது, கீழே தடிமனாகக் குளிர்ந்து கிடப்பது. அதனால் கோலார் கணக்கை எடுத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 13 டிகிரி போலத்தான் வருகிறது, சராசரியில் பாதி. இந்தத் துறையில் இப்போது குறிவைக்கிற 400 டிகிரி வேண்டுமென்றால் (ஏன் 400 என்று பிறகு சொல்கிறேன்) இந்தக் கணக்குப்படி 28 கிலோமீட்டருக்குக் குறையாமல் தோண்ட வேண்டும். மனிதன் இதுவரை போட்டதிலேயே செங்குத்தாக மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-ல் ஆரம்பித்து, 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். அங்கே 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தது 180 ஆக இருந்தது, பாறை இளகிப் போய்த் துளை நிற்காமல் மூடிக்கொண்டது, வேலை நின்றுவிட்டது. ஆகவே "எந்த மூலையிலும்" என்பதில் குப்பத்தை இப்போதைக்குச் சேர்க்க முடியாது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறை மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஆசைப்படுகிறவர்கள்தான் கணக்கை நேராகச் சொல்ல வேண்டும்.

இப்போது ஏன் இத்தனை பேச்சு? பூமிச் சூட்டில் மின்சாரம் என்பது புதுசில்லை. இத்தாலியில் லார்தரெல்லோ என்ற இடத்தில் 1904-லேயே தரையிலிருந்து வந்த நீராவியில் ஐந்து பல்பு எரிய வைத்தார்கள், 1913-ல் அங்கே முறையான மின் நிலையமே வந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் நீராவியும் வெந்நீரும் தானாகவே கிடைக்கிற இடங்கள். புதுப் பேச்சு வறண்ட பாறையைப் பற்றியது, அதிலும் 400 டிகிரியை நெருங்குகிற அதிவெப்பப் பாறை.

அந்த 400 எதற்காக என்றால், தண்ணீருக்கு ஒரு குணம் இருக்கிறது. 374 டிகிரிக்கு மேல், 221 பார் அழுத்தத்துக்கு மேல் போய்விட்டால் அது திரவமா ஆவியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலைக்கு வந்துவிடும். வீட்டுக் குக்கரில் இருப்பது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்குதான், அதிலேயே விசில் எப்படி எகிறுகிறது என்று பார்க்கிறோம், இங்கே 200 மடங்குக்கு மேல். அந்த நிலையில் இருக்கிற தண்ணீர் ஒரு கிலோவில் சுமந்து வருகிற ஆற்றல் மிக அதிகம், பாறை இடுக்குகளில் சுலபமாக நுழைந்தும் வரும், மேலே வந்த பிறகு டர்பைனில் மின்சாரமாக மாறுகிற விகிதமும் கூடும். எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரணத் துளை தருவதைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு ஒரே துளை தரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். துளை போடுவதில்தான் பாதிக்குப் பாதி செலவு போகிற தொழிலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று போர்வெல் போட்டுக் கடன்பட்ட எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதைக் கையால் தொட்டே பார்த்தவர்கள். 2009-ல் கிராஃப்லா என்ற எரிமலைப் பகுதியில் நாலரை கிலோமீட்டர் போகலாம் என்று ஆரம்பித்த துளை, 2.1 கிலோமீட்டரிலேயே உருகிய பாறைக்குள், அதாவது நேராக மாக்மாவுக்குள் போய் இறங்கிவிட்டது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. துளையை மூடிவிட்டுப் போகாமல், அதையே ஒரு சோதனைக் கிணறாக மாற்றினார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே வந்த நீராவி 450 டிகிரி. ஒரே துளையிலிருந்து 30 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் அந்த நீராவியில் அமிலம் இருந்தது, சிலிக்காத் தூள் இருந்தது, இரும்பை அரித்தது, குழாயை அடைத்தது. 2012-ல் வால்வு பழுதாகி, கிணற்றைக் குளிரவைத்து மூட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ரெய்க்யானெஸ் என்ற இடத்தில் இரண்டாவது துளை, 2017 ஜனவரியில் 4,659 மீட்டர், அடியில் 427 டிகிரி, 340 பார். தேடிப்போன நிலை கிடைத்தது, ஆனால் உள்ளே இறக்கிய இரும்புக் குழாய் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவில் மாட்டிச் சேதமாகிவிட்டது. ஜப்பானில் கக்கொண்டா என்ற இடத்தில் 1990-களிலேயே 500 டிகிரியைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே சூடான பாறையை எட்டுவது நடந்துவிட்ட காரியம். எட்டின இடத்தில் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற குழாய், சிமென்ட், வால்வு, கருவி எல்லாம்தான் இன்னும் பாக்கி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி துளை போடுவது. அதற்குக் காரணம் எங்கள் ஊர்தான்.

குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம் பக்கமெல்லாம் போர்வெல் போடுவது கல்யாணம் பண்ணுகிற மாதிரிச் செலவு. திருச்செங்கோட்டு வண்டி வரும், ரிக் ஒரு லாரி, கம்ப்ரசர் ஒரு லாரி. மேல்மண் தாண்டிக் கல் வருகிற வரைக்கும் கேசிங் இறக்குவார்கள், அப்புறம் சுத்தியல் வேலைதான். ராடுக்கு அடியில் இருக்கிற சுத்தியலை அழுத்தக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், அதன் முனையில் பட்டன் பட்டனாகக் கடினமான கார்பைடு பதித்த பிட். வெளியே வருவது சாம்பல் நிற மாவு. அந்த மாவை உள்ளங்கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பார்ப்பார் வண்டிக்காரர், நிறம் மாறினால் அவர் முகம் மாறும், வெடிப்பு வருகிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். 1,000 அடியில் தண்ணீர் வந்தால் அது வெதுவெதுப்பாகத்தான் வரும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதில் குளிப்பதற்கென்றே ஓடிவருவார்கள். ஆழம் போகப் போக அடிக்கான விலை ஏறிக்கொண்டே போவது எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு காரணம், பிட் தேய்ந்தால் மொத்த ராடையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, பிட்டை மாற்றி, மறுபடி ஒவ்வொன்றாக மாட்டி இறக்க வேண்டும். 300 மீட்டருக்கே அது பெரிய வேலை. 5 கிலோமீட்டருக்கு நினைத்துப் பாருங்கள், ஒரு நாளின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், அந்த நேரத்துக்கும் ரிக்குக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அமெரிக்காவில் கடந்த ஐந்தாறு வருஷத்தில் நடந்த முன்னேற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண்ணெய்க்காரர்கள் மெத்தென்ற பாறையில் பயன்படுத்திக்கொண்டிருந்த செயற்கை வைரம் பதித்த பிட்டைக் கிரானைட்டுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அந்த நாட்டு எரிசக்தித் துறை யூட்டா மாநிலத்தில் ஃபோர்ஜ் என்று ஒரு சோதனைக் களத்தையே நடத்துகிறது. அங்கே கற்றுக்கொண்டதை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள், தனியார் நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடின. ஃபெர்வோ எனர்ஜி என்ற நிறுவனம் அதே வட்டாரத்தில் கேப் ஸ்டேஷன் என்று ஒரு மின் நிலையம் கட்டுகிறது. 2026-ல் முதல் 100 மெகாவாட், 2028-க்குள் 500 என்பது அவர்கள் திட்டம். 2025-ல் அவர்கள் போட்ட ஒரு துளை சுமார் 4,800 மீட்டர், துளை போட எடுத்த நாள் 16, அடியில் சுமார் 270 டிகிரி இருக்கும் என்று கணித்தார்கள். பதினாறு நாளில் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர்! இந்தத் துறையில் நான் படித்த எல்லாச் செய்தியிலும் எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது இதுதான். 331 டிகிரியை விடவும் இதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன். சூடு என்பது இடத்தைப் பொறுத்தது, வேகம் என்பது கைத்திறனைப் பொறுத்தது, அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம்.

இன்னொரு வழி பிட்டே இல்லாத வழி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பால் வோஸ்கோவ் என்பவர் செய்த ஆராய்ச்சியிலிருந்து குவைஸ் என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. அணுக்கரு இணைவு ஆராய்ச்சியில் பிளாஸ்மாவைச் சூடாக்கப் பயன்படுகிற கைரோட்ரான் என்ற கருவியிலிருந்து மில்லிமீட்டர் அலையைக் குழாய் வழியாகக் கீழே அனுப்பிப் பாறையை உருக்கி ஆவியாக்குவது அவர்கள் முறை. துளையின் சுவர் கண்ணாடி போல ஆகிவிடும். தேய்வதற்கு எதுவும் கீழே இல்லை என்பதால், பாறை எவ்வளவு கடினமானாலும் எவ்வளவு சூடானாலும் கவலையில்லை என்பது அவர்கள் வாதம். 2025-ல் டெக்சாஸில் மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரில் ஒரு கிரானைட் குவாரியில் 100 மீட்டருக்கு மேல் போட்டுக் காட்டினார்கள். குவாரி என்று படித்ததும் எனக்கு எங்கள் பக்கத்துப் பச்சைக் கிரானைட் குவாரிகள்தான் கண்முன் வந்தன. ஆனால் 100 மீட்டர் என்பது எங்கள் ஊர்ப் போர்வெல்லில் மூன்றில் ஒரு பங்கு. கிலோமீட்டர் கணக்கில் இறங்கும்போது ஆவியான பாறைத் தூளை மேலே கொண்டுவருவது, அலையைச் சிதறாமல் கீழே சேர்ப்பது, துளை இடிந்துவிடாமல் நிறுத்துவது எல்லாம் இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும். கோலார் மாதிரிப் பழைய குளிர்ந்த நிலத்துக்கு என்றைக்காவது ஒரு வழி வருமென்றால் அது இப்படிப்பட்ட முறையில்தான் வரும். அதனால் நான் இதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

துளை போட்டால் மட்டும் போதாது. வறண்ட பாறையில் தண்ணீர் ஓட வழி வேண்டும். ஒரு துளையில் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்திப் பாறையில் வெடிப்புகளைத் திறந்து, அந்த வெடிப்புகளின் வழியாகச் சூடாகி வருகிற தண்ணீரை இன்னொரு துளையில் எடுக்க வேண்டும். நியூ மெக்சிகோவில் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் 1970-களிலேயே இதை முயன்றார்கள். 400 டிகிரி பக்கம் வரும்போது கிரானைட்டின் குணமே மாற ஆரம்பிக்கும், விரிசல் விட்டு உடைவதற்குப் பதிலாக இறுக்கத்தில் மெதுவாக நெளியும், திறந்த வெடிப்பு திறந்தபடியே இருக்குமா என்பது பெரிய கேள்வி. நியூபெரியில் நடக்கிற வேலைகளை எல்லோரும் கவனிப்பது இதற்காகவும்தான்.

அப்புறம் நில அதிர்வு. கோலார் குடும்பத்தில் பிறந்தவன் இதை லேசாகத் தாண்டிப்போக முடியாது. சுரங்கத்தில் ராக் பர்ஸ்ட் என்றால் என்ன என்று பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பாறை இறுக்கம் தாங்காமல் வெடித்துச் சிதறும், மேலே லைன் வீட்டில் பாத்திரம் குலுங்கும், குலுங்கின அடுத்த நிமிஷம் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள், எந்த ஷாஃப்டில் யார் ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு. பூமிக்குள் கை வைத்தால் பூமி பதில் சொல்லும் என்பதற்கு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்கு அடியில் 2006 டிசம்பரில் தண்ணீர் செலுத்தியபோது 3.4 ரிக்டர் அளவில் அதிர்வு வந்தது, திட்டத்தையே கைவிட்டார்கள். தென்கொரியாவில் போஹாங் நகரத்துப் பக்கத்தில் 2017 நவம்பர் 15-ல் வந்தது அதைவிடப் பெரியது, 5.4. பலருக்குக் காயம், ஏராளமான கட்டடங்கள் சேதம். அங்கிருந்த பூமிச்சூட்டுத் திட்டத்தில் தண்ணீர் செலுத்தியதுதான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019-ல் சொன்னது. இதற்குப் பிறகு அதிர்வுமானிகளை முதலிலேயே பதித்து, சின்ன அதிர்வு ஒரு அளவைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைப்பது, இன்னும் தாண்டினால் நிறுத்துவது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்று விடக்கூடாது, அதிர்வுக் கணக்கு அன்றாடம் ஊர் மக்கள் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். நகரத்துக்கு அடியில் போடவே கூடாது என்பது என் கருத்து.

தண்ணீரும் ஒரு கவலைதான். உள்ளே விட்டதில் கொஞ்சம் பாறைக்குள்ளேயே போய்விடும், அதை ஈடுகட்ட வேண்டும். குடிக்கவே கால்வாய்த் தண்ணீருக்காக இத்தனை வருஷம் காத்திருந்த எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் முதலில் அந்தக் கேள்விதான் வரும், வர வேண்டியதும்தான்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சூரிய ஒளி இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் மாநிலத்தில் விவசாயத்துக்குப் பகலில் 9 மணி நேரம் மின்சாரம் தருகிறார்கள், பகலுக்குச் சோலார் போதும். ராத்திரிக்கு இன்னமும் பெரும்பாலும் நிலக்கரிதான். கடப்பா மாவட்டத்தில் முத்தனூர் அனல்மின் நிலையத்துக்குக் கரி எங்கிருந்தோ ரயிலில் வருகிறது. பூமிச்சூடு ராத்திரி பகல் பார்க்காது, மழைக்காலம் பார்க்காது. அதோடு அதிவெப்ப நீராவி என்றால் ஏற்கெனவே இருக்கிற அனல்மின் நிலையத்தின் டர்பைனை, மின்கம்பியை, ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு கொதிகலனை மட்டும் மாற்றலாம் என்கிற யோசனையும் இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, செலவு குறைந்துகொண்டே வந்தால் 2050 வரை உலகத்தில் கூடப்போகிற மின் தேவையில் 15 சதவீதத்தைப் பூமிச்சூடு தர முடியும் என்றது. செலவு குறைந்தால் என்ற அந்தப் பாதி வாக்கியத்தை மறந்துவிடக்கூடாது.

நம் நாட்டில் இது எந்த நிலைமையில் இருக்கிறது? லடாக்கில் புகா பள்ளத்தாக்கு, 4,400 மீட்டர் உயரம், தரையிலேயே வெந்நீர் கொப்பளிக்கிற இடம். ஓஎன்ஜிசி 2021-ல் அங்கே 1 மெகாவாட் நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டது, 2022-ல் துளை போடும்போது வெந்நீர் ஓடையில் கலந்து வேலை நின்றது, அப்புறம் திரும்ப ஆரம்பித்தது. முன்பு ஆந்திராவாக இருந்து இப்போது தெலங்கானாவில் இருக்கிற மணுகூரில், சிங்கரேணி நிலக்கரி நிறுவனத்தின் இடத்தில், 20 கிலோவாட் சோதனை நிலையம் இருக்கிறது. கரிக்காகப் போட்ட துளையில் வெந்நீர் வந்ததால் பிறந்த யோசனை அது. இருபது கிலோவாட் என்பது சிறியதுதான், ஆனால் கோதாவரிப் பள்ளத்தாக்கில் எங்கள் தங்கவயலைப் போலப் பாறை ஆறிக் கிடக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பூமிச்சூட்டு ஆற்றலுக்கென்று முதல் முறையாகத் தேசியக் கொள்கை வெளியிட்டது. நாட்டின் வளத்தைச் சுமார் 10,600 மெகாவாட் என்று மதிப்பிடுகிறார்கள், அது பெரும்பாலும் வெந்நீர் ஊற்றுகளை வைத்துப் போட்ட கணக்கு, ஆழத்துப் பாறை அதில் முறையாக வரவில்லை.

நான் சொல்ல வருவது, நமக்கு முதலில் வேண்டியது மின் நிலையம் இல்லை, ஆழத் துளை. துளை போட்டு அளந்தால்தான் எங்கே எவ்வளவு சூடு என்று தெரியும். போடத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டு வண்டி போகாத மாநிலம் இல்லை, கடினப் பாறையில் அவர்களுக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கு உண்டு? காற்றுச் சுத்தியல் 3 கிலோமீட்டருக்குப் போகாது, அதற்கு எண்ணெய்க் கிணற்று ரிக் வேண்டும், உண்மைதான், ஆனால் பாறையைக் கையில் வாங்கிப் படிக்கத் தெரிந்த ஆட்கள் அந்த ரிக்கில் சேர ஒரு பயிற்சி போதும். இறுக்கத்தில் பாறை எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்கிற தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தங்கவயலில்தான் ஆரம்பிக்கப்பட்டது. சுரங்கம் மூடியபின் வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் பெங்களூர் ரயிலேறிப் போகிற பிள்ளைகளின் அப்பாக்களும் தாத்தாக்களும் 3 கிலோமீட்டர் கீழே வேலை பார்த்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்தால் நல்லது.

பணம் யார் போடுவது என்பதற்கும் தங்கவயலிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1902-ல் காவேரியில் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டினார்கள், அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து முதலில் மின்சாரம் கொடுத்தது கோலார் சுரங்கத்துக்குத்தான். பெங்களூருக்கு விளக்கு வந்தது அதற்கப்புறம். ராத்திரி பகலாக ஓடுகிற சுரங்கம் என்ற ஒரு பெரிய வாடிக்கையாளர் நம்பகமாகப் பணம் கட்டத் தயாராக இருந்ததால்தான் அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சலான அந்த வேலை நடந்தது. ஃபெர்வோவின் கதையும் அதேதான். நெவாடாவில் அவர்களுடைய முதல் 3.5 மெகாவாட் நிலையம் எழுந்ததற்குப் பின்னால் கூகுள் 2021-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. தரவு மையம் ராத்திரியிலும் நிற்காமல் ஓட வேண்டும், அதனால் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று முதல் ஆளாக வாங்கினார்கள்.

அதே கூகுள் 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் செலவில் பெரிய தரவு மையம் கட்டுவதாக அறிவித்திருக்கிறது. நிலம், தண்ணீர், கடல்வழிக் கேபிள், சலுகை எல்லாம் பேசப்படுகிறது. நெவாடாவில் பாறைச் சூட்டுக்கு முதல் வாடிக்கையாளராக நின்றவர்களிடம் ஆந்திர அரசு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இங்கே ராத்திரிக்கு நீங்கள் எடுக்கப்போகிற மின்சாரத்துக்கு ஈடாக, நான்கைந்து ஆராய்ச்சித் துளைகளுக்குப் பணம் போடுங்கள், அளந்ததை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். கோதாவரிக் கரையில் இரண்டு, கடப்பாவில் ஒன்று, விசாகப்பட்டினத்துப் பக்கம் ஒன்று. சித்தூர் மாவட்டத்துக் கிரானைட்டிலும் ஒன்று போடச் சொல்வேன், 3 கிலோமீட்டர் போதும். கோலாரில் அளந்தது ஒரு சுரங்கப் பட்டையின் சூடு, இந்தப் பக்கத்துக் கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் வேறு அளவில் இருக்கலாம், கிலோமீட்டருக்கு 13 டிகிரியா 20 டிகிரியா என்பது தெர்மாமீட்டரை இறக்கினால்தான் தெரியும்.